தொண்டிப் பக்கம் ஒரு வீடு

மலேசியாவில் நெடுங்காலமாக வேலை பார்த்துவரும் என் தம்பி, ஓய்வுபெற்று ஊர் திரும்பும்போது கடற்கரைப் பக்கமாக ஒரு வீட்டில் குடியிருக்க வேண்டும் என்று பல ஆண்டுகளாகச் சொல்லிக்கொண்டிருந்தான். தேவகோட்டையில் எங்களுக்குப் பூர்விக வீடு இருக்கிறது. ஆனால் அது பல புள்ளிகளுக்கு, அதாவது பங்காளிக் குடும்பங்களுக்கு, பங்கு உள்ள வீடு; முன்னோரை வணங்கும் படைப்புக்கும் கல்யாணத்துக்கும் எல்லோரும் கூடுவதற்கு ஏற்றதே தவிர, கணவனும் மனைவியுமாக இருவர் மட்டும் குடியிருந்து பராமரிக்கக்கூடியது அன்று. தேவகோட்டையிலிருந்து திருவாடானை வழியாகக் கடற்கரை ஊரான தொண்டி பக்கம்தான் என்பதால், வடக்கே மீமிசல் முதல் தெற்கே தேவிபட்டினம் வரை வீடு பார்க்கும் பொறுப்பை என் கணவரும் நானும் ஏற்றுக்கொண்டோம். இப்போது பத்திரப் பதிவும் முடிந்துவிட்டது. இதே எண்ணத்தோடு இருக்கும் நம் பக்கத்துக் குடும்பங்களுக்குப் பயன்படும் என்று நம்பி, இந்தத் தேடலில் அறிந்துகொண்டவற்றை எழுதுகிறேன். என் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: கடலோரத்தில் வீடு வாங்குகிறவர்கள், மாடியில் ஏறிக் கடல் தெரிகிறதா என்று பார்ப்பதற்கு முன்னால், கிணற்றில் ஊறும் தண்ணீரையும் கூரைக்குள் இருக்கும் கம்பியையும் கைக்கு வரும் பத்திரத்தையும் பார்க்க வேண்டும், இந்த மூன்றும் ஒழுங்காக அமைந்த வீடு பெரும்பாலும் கரையை ஒட்டி இருப்பதில்லை.

முதலில் இந்தக் கடலைப் பற்றிச் சொல்ல வேண்டும். சென்னையிலோ கன்னியாகுமரியிலோ கடல் பார்த்துப் பழகியவர்களுக்குத் தொண்டிக் கடல் புதிதாகத் தெரியும். இலங்கை எதிரே மறைத்து நிற்கும் பாக் விரிகுடா ஆழம் குறைந்தது, அலை சிறியது, கரை பல இடங்களில் வெண்மணலாக இல்லாமல் சேறு கலந்தே இருக்கும், கடற்புல் கரையில் ஒதுங்கி மக்கும் நாள்களில் அதன் வாடை தெரு வரை வரும். அந்தக் கடற்புல்லை மேய்ந்து வாழும் ஆவுளியா என்ற கடற்பசுவுக்காகத்தான், சற்று வடக்கே புதுக்கோட்டை, தஞ்சாவூர் மாவட்டக் கடல் பகுதியில் 448 சதுர கிலோமீட்டர் பரப்பைத் தமிழ்நாடு அரசு 2022ஆம் ஆண்டில் பாதுகாப்பகமாக அறிவித்தது. ஆனி, ஆடியில் மேல்காற்றான கச்சான் அடிக்கும்போது இந்தக் கடல் கண்மாய்போல் அடங்கிக் கிடக்கும். ஐப்பசியில் வாடைக்காற்று எழும்பிவிட்டால் தை வரைக்கும் அதன் குணமே வேறு. எனவே கோடையில் வந்து பார்த்துவிட்டு முன்பணம் கொடுப்பது சரியன்று என்று தம்பியிடம் கண்டிப்பாகச் சொல்லிவிட்டோம். கோடையில் வெள்ளையடித்துப் பளிச்சென்று இருந்த ஒரு வீட்டைக் கார்த்திகையில் மறுபடி பார்க்கப் போனபோது, தெரு முழுவதும் தண்ணீர் நின்றது. வாசற்படியின் மேல் படி மட்டும்தான் வெளியே தெரிந்தது. தெருவைவிட மனை தாழ்ந்திருந்ததைக் கோடையில் யாரும் எளிதில் கவனிக்க முடியாது.

காவிரிப்பூம்பட்டினத்தில் கடலோடு வாழ்ந்த எங்கள் முன்னோரான நகரத்தார், கடல் பொங்கிய பின் அங்கிருந்து புறப்பட்டுப் பாண்டிய நாட்டின் இந்த வறண்ட பகுதியில் குடியேறினார்கள் என்பதும், அந்த நினைவினால்தான் நம் வீடுகளைத் தரைமட்டத்திலிருந்து அவ்வளவு உயர்த்திக் கட்டினார்கள் என்பதும் எங்கள் அப்பத்தா சொல்லி நான் கேட்டவை. வரலாறு எப்படி இருந்தாலும், திண்ணைக்கு ஏறும் படிகளின் எண்ணிக்கையைப் பார்த்து வீட்டை மதிப்பிடும் வழக்கம் கடலோரத்துக்கு மிகவும் பொருந்துகிறது. உயர்ந்த தளம், மழைநீர் வெளியேறும் வாட்டம் இரண்டும் இல்லாத வீட்டை விலை குறைவு என்பதற்காக வாங்கக் கூடாது.

அடுத்தது சட்டம். தரகர்கள் பேசத் தயங்கும் விஷயம் இதுதான். கடற்கரை ஒழுங்குமுறை மண்டல அறிவிப்பு முதலில் 1991ஆம் ஆண்டில் வெளியானது. பிறகு 2011இலும் 2019இலும் புதுப்பிக்கப்பட்டது. கடல் ஏறும்போது கரையில் தொடும் உச்ச எல்லையை உயர் அலைக் கோடு என்று குறித்து, அங்கிருந்து நிலப்பக்கமாக 500 மீட்டர் வரை உள்ள இடத்தை அது கட்டுப்படுத்துகிறது. ஊரகப் பகுதிகளில் அதில் முதல் 200 மீட்டர், புதிதாகக் கட்டடம் எழுப்பக் கூடாத இடம். 2011 மக்கள்தொகைக் கணக்கின்படி சதுர கிலோமீட்டருக்கு 2161 பேருக்கு மேல் வாழும் ஊர்களுக்கு மட்டும் 2019 அறிவிப்பு இந்த 200 மீட்டரை 50 மீட்டராகக் குறைத்தது. கடல் நீர் ஏறி இறங்கும் கழிமுகம், ஓடை ஆகியவற்றின் கரைக்கும் தனி எல்லை உண்டு. முறையான அனுமதியோடு ஏற்கெனவே கட்டிய வீட்டைப் பழுதுபார்க்கலாம். ஆனால் தடை செய்யப்பட்ட அந்த எல்லைக்குள் அதன் பரப்பைக் கூட்டவோ மேலே மாடி எடுக்கவோ இயலாது. ஆகவே, “இப்போது சிறிய வீடு, பிறகு எடுத்துக் கட்டிக்கொள்ளலாம்” என்று சொல்லி விற்கப்படும் கரையோர வீட்டில், அந்தப் ‘பிறகு’ வராமலே போகலாம்.

ஊராட்சி அனுமதி இருக்கிறது என்று ஒரு தாளைக் காட்டுவார்கள். அது போதாது. கொச்சிக்கு அருகே மரடு என்ற ஊரில் நான்கு அடுக்குமாடித் தொகுப்புகளை உச்ச நீதிமன்ற உத்தரவின்படி 2020ஆம் ஆண்டு ஜனவரி 11, 12 ஆகிய நாள்களில் வெடிவைத்துத் தகர்த்ததை எல்லோரும் தொலைக்காட்சியில் பார்த்தோம். அவற்றுக்கும், மரடு ஊராட்சியாக இருந்த காலத்தில் கொடுத்த கட்டட அனுமதி இருக்கத்தான் செய்தது. பணம் போட்டுக் குடியேறிய குடும்பங்கள் பெட்டியும் படுக்கையுமாக வெளியேறியதைப் பார்த்தவர்கள், கடலோர மண்டல மேலாண்மை வரைபடத்தில் தம் மனை எங்கே விழுகிறது என்று பார்க்காமல் ஒரு ரூபாய்கூடக் கொடுக்க மாட்டார்கள். அந்த வரைபடத்தையும் கிராமப் புலப்படம் என்ற நில அளவைப் படத்தையும் அருகருகே வைத்து, சர்வே எண்ணைக் கண்டுபிடித்துத் தரும் உரிமம் பெற்ற நில அளவருக்குக் கொடுக்கும் கட்டணம் வீண் செலவாகாது.

இனித் தண்ணீர். இதைப் பற்றிச் சற்று விரிவாகவே எழுத விரும்புகிறேன், ஏனென்றால் நாங்கள் வேண்டாம் என்று விட்ட வீடுகளில் பாதிக்கு மேல் தண்ணீருக்காகவே விட்டவை. நம் பக்கத்தில் ஊருணியும் கண்மாயும் வற்றினால் ஆழமாகத் துளைபோடுவது வழக்கமாகிவிட்டது. மணற்பாங்கான கடற்கரையில் அந்தக் கணக்கு பெரும்பாலும் பொய்த்துவிடும். அங்கே மழைநீர் மணலுக்குள் இறங்கி, உள்ளே ஊடுருவியிருக்கும் கடல் நீரின் மேல், எடை குறைந்தது என்பதால் மிதந்து நிற்கிறது. நன்னீர் மட்டம் கடல் மட்டத்தைவிட ஓரடி உயர்ந்து நின்றால், அதற்குக் கீழே ஏறத்தாழ 40 அடி ஆழத்துக்கு நன்னீர் இருக்கும் என்பது நிலத்தடி நீர் அறிந்தவர்களின் கணக்கு. இந்தக் கணக்கை மாற்றிப் பார்த்தால்தான் அதன் அபாயம் தெரியும்: மோட்டார் போட்டு இறைத்து மேல் மட்டத்தை ஓரடி இறக்கினால், கீழிருந்து உப்புநீர் 40 அடி ஏறிவரும். ஒருமுறை உவர் ஏறிவிட்ட கிணறு மறுபடி நல்ல கிணறாகப் பல மழைக்காலங்கள் பிடிக்கும். எனவே இந்தக் கரையில் ஆழமான போர், பெரிய குதிரைத்திறன் மோட்டார் ஆகியவற்றைப் பெருமையாகச் சொல்லும் வீட்டைவிட, ஆழம் குறைந்த உறைக்கிணறு உள்ள வீடே மேலானது.

மீமிசல் சாலையில் ஒரு வீட்டின் தண்ணீரை நாங்கள் சோதித்துக்கொண்டிருந்தபோது, எதிர்வீட்டு மூதாட்டி ஒருவர் வேலிக்கு அப்பால் நின்று பார்த்துக்கொண்டிருந்தார். நீரில் கரைந்த உப்பை அளக்க உடன் கொண்டுபோயிருந்த சிறிய டிடிஎஸ் மீட்டர் 900 என்று காட்டியது. இந்தியத் தர நிர்ணய அமைவனத்தின் அளவுப்படி, குடிநீரில் கரைந்த உப்புகள் லிட்டருக்கு 500 மில்லிகிராம் வரை ஏற்கத்தக்கவை. வேறு நீர் கிடைக்காத இடத்தில் 2000 வரை அனுமதிக்கலாம். அந்த வகையில் 900 மோசமில்லை என்று நாங்கள் பேசிக்கொண்டிருந்தபோது, அந்த அம்மாள் அருகில் வந்து, “தாயி, இது மழை பெஞ்ச தண்ணி. பங்குனியில வந்து வாயில ஊத்திப் பாருங்க. நாங்களே அந்த மாசம் குடத்தைத் தூக்கிக்கிட்டு ஊருக்குள்ள போயிருவோம்” என்றார். பங்குனியில் மறுபடி போனோம். அதே மீட்டர் 3000ஐத் தாண்டியது. கையில் அள்ளிய தண்ணீர் உலர்ந்த பிறகு தோலில் வெள்ளை படிந்தது. விற்பவரோ தரகரோ சொல்லாத இந்தச் செய்தியை அவர் கேட்காமலே சொன்னதற்கு நான் இன்றும் நன்றியோடு இருக்கிறேன். வீடு பார்க்கப் போகிறவர்கள் அக்கம்பக்கத்துப் பெண்களிடம், எந்த மாதத்தில் எந்தக் கிணற்றுக்குப் போவீர்கள் என்று கேட்டுவிட்டாலே அந்தத் தெருவின் நீர்நிலை முழுவதும் தெரிந்துவிடும். காவிரிக் கூட்டுக் குடிநீர்க் குழாய் வீட்டு வாசலுக்கு வந்திருக்கிறதா, அதில் எத்தனை நாளுக்கு ஒருமுறை தண்ணீர் வருகிறது என்பதையும் அவர்களிடமே கேட்க வேண்டும். சுத்திகரிப்பு இயந்திரம் வைத்துக்கொள்ளலாமே என்பார்கள்; அது குடிப்பதற்கு உதவும், ஆனால் குளியலுக்கும் துணிக்கும் தோட்டத்துக்கும் அந்த உப்புத் தண்ணீர்தான், அது வெளியேற்றும் கழிவு நீரும் கூடுதல் உப்போடு அதே மணலில்தான் இறங்கும்.

தண்ணீரில் இருக்கும் உப்பு மனிதரை மட்டுமின்றி வீட்டையும் அரிக்கிறது. கான்கிரீட்டின் காரத்தன்மை உள்ளே இருக்கும் கம்பியைத் துருவிலிருந்து காக்கிறது. காற்றில் வரும் உப்பு மெல்ல மெல்ல ஊடுருவிக் கம்பியைத் தொட்டதும் அந்தக் காப்பு உடைகிறது; துருப்பிடித்த கம்பி பருத்து, தன்னை மூடியிருக்கும் கான்கிரீட்டைப் பிளந்துகொண்டு வெளியே வருகிறது. இதனால்தான் இந்தியத் தரக் குறியீடு ஐஎஸ் 456, கடற்காற்று நேரடியாகப் படும் கட்டடங்களுக்குக் கம்பியின் மேல் 45 மில்லிமீட்டர் கான்கிரீட் மூடலும் எம் 30 என்ற வலுத்தரமுள்ள கலவையும் வேண்டும் என்கிறது. கடல் நீர்த் திவலை தெறிக்கும் இடமானால் 50 மில்லிமீட்டரும் எம் 35உம் வேண்டும். உள்நாட்டில் சாதாரண வீட்டுக்கு 20 மில்லிமீட்டர் மூடலில் கட்டிப் பழகியவர்கள் கரையிலும் அதே அளவில் கட்டிவிடுகிறார்கள். அதைவிடக் கொடுமை, கிணற்றில் ஊறும் உவர் நீரையே கலவைக்கு ஊற்றுவது. கம்பி போட்ட கான்கிரீட்டுக்குக் கலக்கும் நீரில் குளோரைடு லிட்டருக்கு 500 மில்லிகிராமுக்கு மேல் இருக்கக் கூடாது என்பது அதே குறியீட்டின் விதி.

எங்கள் பூர்விக வீட்டுப் பழுது வேலைகளைப் பல காலமாகச் செய்துவரும் காரைக்குடிக் கொத்தனார் ஒருவரை வீடு பார்க்கும் இடங்களுக்கெல்லாம் அழைத்துப்போனோம். அவர் கூடத்தையோ படுக்கை அறையையோ பார்க்காமல் நேராகப் பின்பக்கம் போவார். கிழக்குப் பார்த்த சன்னல்களின் சன்ஷேடு அடிப்புறத்தைச் சிறு சுத்தியலின் பிடியால் தட்டிக் காதுகொடுத்துக் கேட்பார். கட்டிப் பத்தாண்டுகூட ஆகாத, கடலைப் பார்த்த மாடி வீடு ஒன்றில் அப்படித் தட்டியபோது, “ஆச்சி, சத்தம் பொள்ளுன்னு கேக்குது பாருங்க, உள்ளுக்குள்ள விட்டுப்போச்சு” என்றவர், விற்பவரின் அனுமதியோடு விளிம்பை இலேசாக நெம்பினார். பலகை அளவுக்குக் காரை பெயர்ந்து விழுந்தது. உள்ளே இருந்த கம்பி கருஞ்சிவப்பாக ஏடு ஏடாக உரிந்தது. விரலால் தேய்த்தபோது பொடியாக உதிர்ந்தது. புதிதாக அடித்த வண்ணப்பூச்சு அவ்வளவையும் மறைத்திருந்தது. தம்பிக்கு மிகவும் பிடித்துப்போயிருந்த வீடு அது. நிழற்படத்தைப் பார்த்துவிட்டு இரவெல்லாம் தொலைபேசியில் அதைப் பற்றியே பேசியவன், கம்பியின் படத்தை அனுப்பிய பிறகு அந்தப் பேச்சை எடுக்கவில்லை.

அந்தக் கொத்தனார்தான் பழைய சுண்ணாம்பு வீடுகளைப் பார்க்கச் சொன்னவர். சிப்பிச் சுண்ணாம்பும் மணலும் சேர்த்து அரைத்து, கடுக்காய் நீரும் கருப்பட்டியும் விட்டுப் பூசிய சுவர்களில் துருப்பிடிக்க இரும்பே இல்லை. மரச்சட்டத்தின் மேல் நாட்டு ஓடு வேய்ந்த கூரையில் ஓர் ஓடு உடைந்தால் அந்த ஓட்டை மட்டும் மாற்றலாம். ஈரத்தை வாங்கி, வெயிலில் வெளியே விட்டுவிடும் குணம் அந்தச் சுவருக்கு உண்டு. அதன் மேல் சிமெண்ட் பூசினால் ஈரம் உள்ளே அடைபட்டுப் பொரிந்து உதிரும். நம் செட்டிநாட்டு வீடுகளில் சிமெண்ட் ஒட்டுப்போட்டுக் கெடுத்த சுவர்களைப் பார்த்திருப்பவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. வெப்பத்துக்கும் இந்த வீடுகளே ஏற்றவை. கடலோரத்தில் வெயிலைவிடப் புழுக்கம்தான் ஆளை வாட்டும். அதற்குத் தடித்த சுவர் மட்டும் போதாது, பிற்பகலில் கடலிலிருந்து எழும் காற்று முன்கதவில் நுழைந்து பின்கதவில் வெளியேற வழி வேண்டும்.

அப்படி ஒரு வீடு தொண்டிக்கு அருகே, கரையிலிருந்து முக்கால் கிலோமீட்டருக்கு உள்ளே, பள்ளிவாசலும் கடைகளும் ஆள் நடமாட்டமும் உள்ள பழைய தெருவில் கிடைத்தது. ஓர் இஸ்லாமியக் குடும்பத்துக்குச் சொந்தமானது. தகப்பனார் காலமான பின் இரண்டு மகன்களுக்கும் இரண்டு மகள்களுக்கும் வந்தது. ஊரில் இருந்த மூத்தவர் எங்களிடம் பேசிய முறையில் அவ்வளவு கண்ணியம் இருந்தது. மூலப் பத்திரம், முப்பது ஆண்டுகளுக்கு மேற்பட்ட வில்லங்கச் சான்று, நத்தம் பட்டா, புலப்படம், வாரிசுச் சான்றிதழ் எல்லாம் சரியாக இருந்தன. இளைய மகள் மட்டும் கொழும்பில் இருந்தார். மற்ற மூவர் கையெழுத்தோடு பதிந்துகொள்ளலாம், தங்கையிடம் பிறகு ஒப்புதல் வாங்கிக்கொள்ளலாம் என்று தரகர் வற்புறுத்தினார். நாங்கள் இணங்கவில்லை. இஸ்லாமியச் சட்டத்தில் மகளுக்கு உரிய பங்கு தெளிவாக வரையறுக்கப்பட்டது. நம் வீடுகளிலும் இந்து வாரிசுரிமைச் சட்டத்துக்கு வந்த 1989ஆம் ஆண்டின் தமிழ்நாட்டுத் திருத்தம், 2005ஆம் ஆண்டின் மத்தியச் சட்டத் திருத்தம் ஆகியவற்றுக்குப் பிறகு மகள்களின் பங்கை ஒதுக்கிவிட்டு எழுதிய கிரயங்கள் எத்தனை வழக்குகளில் கிடக்கின்றன என்பதைக் காரைக்குடி, தேவகோட்டை நீதிமன்ற வாசலில் நின்றால் தெரிந்துகொள்ளலாம். அந்த அம்மையார் விடுமுறைக்கு வரும் வரை காத்திருந்தோம். வந்து, பத்திரத்தை வரிவரியாகப் படித்துவிட்டே கையெழுத்திட்டார். வெளிநாட்டில் வசிப்பவருக்குத் தரும் தொகையில் வருமான வரிப் பிடித்தம் வேறு விதமானது. உள்நாட்டில் வசிப்பவரிடம் 50 இலட்சமும் அதற்கு மேலும் உள்ள சொத்தை வாங்கும்போது பிடிக்கும் 1 விழுக்காட்டுக் கணக்கு அவருக்குப் பொருந்தாது. இதற்கு மட்டும் தணிக்கையாளர் ஒருவரைக் கலந்துகொண்டோம்.

தம்பி இந்தியக் குடிமகனாகவே இருப்பதால் குடியிருப்பு வீடு வாங்குவதில் தடையில்லை. ஆனால் வெளிநாட்டில் வசிக்கும் இந்தியர் விளைநிலமும் தோட்டமும் பண்ணை வீடும் விலைக்கு வாங்க முடியாது என்பதை நம் மக்கள் மனத்தில் வைக்க வேண்டும். கிழக்குக் கடற்கரைச் சாலையை ஒட்டிச் சீமைக் கருவேலங்காட்டை வெட்டிக் கல் நட்டு விற்கும் மனைகள் சில இன்னும் ஆவணத்தில் புஞ்சையாகவே இருக்கின்றன. நகர் ஊரமைப்புத் துறையின் ஒப்புதல் இல்லாத மனைப்பிரிவை மலிவு என்று வாங்கிப் போட்டால், அதன் சுமை பிள்ளைகளுக்குத்தான். பதிவுச் செலவு எல்லோருக்கும் தெரிந்தது: முத்திரைத் தீர்வை 7 விழுக்காடு, பதிவுக் கட்டணம் 2 விழுக்காடு. தம்பி வர இயலாததால் எனக்கு எழுதிக்கொடுத்த அதிகாரப் பத்திரத்தை அங்குள்ள இந்தியத் தூதரகத்தில் சான்றொப்பம் பெற்று அனுப்பினான். அது இந்தியாவுக்கு வந்த மூன்று மாதங்களுக்குள் முத்திரைத் தீர்வை செலுத்திவிட வேண்டும்.

கரைக்குப் பக்கத்திலேயே வீடு வேண்டும் என்பவர்களுக்கு இன்னொன்றும் சொல்ல வேண்டும். நாம் காலாற நடக்க நினைக்கும் அந்த மணல், மீனவக் குடும்பங்களின் வேலைக்களம். வலை உலர்த்துவதும், வள்ளத்தைக் கரையேற்றுவதும், கருவாடு காய்வதும் அங்கேதான். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரையான 61 நாள் தடைக்காலத்தில் விசைப்படகுகள் நிற்கும். அப்போது படகும் வலையும் பழுதுபார்க்கும் வேலை நடக்கும். வாடை பிடிக்கவில்லை, பார்வையை மறைக்கிறது என்று பிற்பாடு வேலி போடுவதும் புகார் எழுதுவதும், வாழ வந்த இடத்தில் நாம் செய்யத் தகாத காரியம். மாலையில் முக்கால் கிலோமீட்டர் நடந்து போய்க் கடலைப் பார்த்துவிட்டுத் திரும்புவது ஐம்பத்தெட்டு வயதில் தம்பிக்கு உடம்புக்கும் நல்லது.

பட்டா மாறுதலுக்கு விண்ணப்பித்திருக்கிறோம். வீட்டின் முகப்பில் பிற்காலத்தில் சேர்த்த கான்கிரீட் தாழ்வாரத்தில் கம்பி துருவேறத் தொடங்கியிருப்பதால், அதை இடித்துவிட்டு ஓட்டுச் சார்ப்பாக மாற்றப்போகிறார் எங்கள் கொத்தனார். கிணற்றுக்குச் சிறிய மோட்டார் மட்டும் போதும் என்று முடிவு செய்து, கூரைத் தண்ணீர் முழுவதும் கிணற்றடிக்கே இறங்கும்படி குழாய் அமைக்கச் சொல்லியிருக்கிறோம். சிமெண்ட் பூசிய இரண்டு சுவர்களைச் சுரண்டிவிட்டுச் சுண்ணாம்பு பூசும் வேலை பாக்கி இருக்கிறது. புரட்டாசிக்குள் அதை முடித்துவிட்டால் மழைக்கு முன் சுவர் காய்ந்துவிடும்.